ஃபால்அவுட் 4-க்கு மறுபடியும் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெதெஸ்டா நிறுவனத்தின் ஃபால்அவுட் 4 வெளிவந்த நாள் 2015 நவம்பர் 10. 2077-ல் அணுகுண்டுகள் விழுந்து அழிந்த அமெரிக்காவில், 210 ஆண்டுகள் கழித்து, பாஸ்டன் நகரத்தில் நடக்கும் கதை அது. பாத்திரமேற்று விளையாடும் விளையாட்டுகளில் இத்தனை பேர் வாங்கி, இத்தனை பேர் குறைசொல்லி, அப்படிக் குறைசொன்னவர்களே மறுபடி மறுபடி திரும்பிவந்த இன்னொன்றைக் காண்பது அரிது. ஒருமுறை முடித்துவிட்டோ பாதியில் விட்டோ போனவர்கள், திரும்பலாமா என்று யோசிக்கும்போது கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கதையின் திருப்பங்கள் எதையும் மறைக்கப் போவதில்லை.

இந்த விளையாட்டின்மீது ஏன் இவ்வளவு கருத்து வேறுபாடு?

ஃபால்அவுட் தொடருக்கு இரண்டு வகை ரசிகர்கள் உண்டு. 1997, 1998 ஆண்டுகளில் வந்த முதல் இரண்டு பாகங்களையும், 2010-ல் அப்சிடியன் நிறுவனம் செய்த நியூ வேகாஸையும் நேசிப்பவர்கள் ஒரு சாரார். நான் யார், எந்தப் பக்கம், என்ன விலை கொடுப்பேன் என்பதைப் பேச்சாலும் முடிவுகளாலும் வடிவமைப்பதுதான் அவர்களுக்கு விளையாட்டு. மற்றவர்கள் 2008-ல் வந்த மூன்றாம் பாகத்தோடு நுழைந்தவர்கள். ஒரு திசையைப் பார்த்து நடந்து, வழியில் தென்படும் கட்டடத்துக்குள் எட்டிப்பார்ப்பதுதான் அவர்களுக்கு இன்பம்.

நான்காம் பாகம் இரண்டாவது கூட்டத்துக்கு வாரி வழங்கியது. முதல் கூட்டத்திடமிருந்து நிறையப் பறித்துக்கொண்டது. முந்தைய இரண்டு பாகங்களிலும் இருந்த பதின்மூன்று திறன்கள் போயின. நற்செயல், தீச்செயல்களைக் கணக்கு வைத்த கர்மா போயிற்று. ஆட்டக்காரர் அனுபவத்தால் ஏறும் நிலைக்கு இருந்த உச்சவரம்பும் போனதால், போதிய நேரம் விளையாடினால் எழுபது சிறப்புத் திறன்களையும் ஒரே ஆள் பெற்றுவிடலாம். எல்லாம் வல்லவராக ஆகப்போகிறவருக்குத் தேர்வு என்பது எதை முதலில் எடுப்பது என்ற வரிசைப் பிரச்சினையாகச் சுருங்கிவிடுகிறது.

என் பார்வையில் இந்த விளையாட்டின் நிறைகளும் குறைகளும் ஒரே முடிவிலிருந்துதான் பிறந்தன. ‘இந்த உலகத்தில் எந்தக் கதவும் உங்களுக்கு மூடக்கூடாது, எந்தப் பொருளும் வீணாகக்கூடாது, விளையாட்டு ஒருபோதும் தீரக்கூடாது’ என்று தீர்மானித்து இதைக் கட்டியிருக்கிறார்கள். தெருக்களுக்கும் குப்பைமேடுகளுக்கும் அந்தத் தீர்மானம் உயிர் கொடுத்தது. மனிதர்களோடு பேசும் இடங்களில் அதே தீர்மானம் உயிரை எடுத்தது.

கோடிக்கணக்கில் விற்று, விருதும் வாங்கிய விளையாட்டு தோல்வி எப்படி ஆகும்?

தோல்வி என்று யாரும் சொல்ல முடியாது. முதல் நாளிலேயே 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் கடைகளுக்குப் போயின. அவற்றின் மதிப்பு 75 கோடி டாலர். 2016-ல் பாஃப்டாவின் சிறந்த விளையாட்டு விருதும் கிடைத்தது. மனத்தாங்கல் வாங்காதவர்களிடமிருந்து வரவில்லை. வாங்கி, பல இரவுகள் விளையாடியவர்களிடமிருந்து வந்தது. அதனால்தான் அதை மதிக்கவேண்டும் என்கிறேன்.

உரையாடல் முறையைப் பற்றிய குறை இன்றைக்கும் செல்லுமா?

செல்லும், முழுமையாக. முந்தைய பாகங்களில் நீங்கள் சொல்லப்போகும் வாக்கியம் திரையில் அப்படியே இருக்கும். இங்கே கதாநாயகருக்கும் கதாநாயகிக்கும் குரல் கொடுத்தார்கள். இருவருக்கும் சேர்த்துப் பல்லாயிரம் வரிகளை ஒலிப்பதிவு செய்யவேண்டியிருந்ததால், ஒவ்வொரு பேச்சும் நான்கு பொத்தான்களுக்குள் அடங்கவேண்டியதாயிற்று. ஒன்று சம்மதம், ஒன்று மறுப்பு, ஒன்று கேள்வி, ஒன்று நக்கல். அதுவும் ஓரிரு சொற்களாகத்தான் தெரியும். ‘நக்கல்’ என்பதை அழுத்தினால் லேசான கிண்டல் வருமா, எதிரில் இருப்பவரை அவமதிக்கும் பேச்சு வருமா என்பது அழுத்திய பிறகே தெரியும்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நியூ வேகாஸில் மருத்துவம் கற்றவர் மருத்துவராகப் பேசலாம். வெடிமருந்து தெரிந்தவர் அதைச் சொல்லி வழி கண்டுபிடிக்கலாம். இங்கே வற்புறுத்தலுக்கு இருப்பது கரிஸ்மா, அதாவது ஆளைக் கவரும் திறன், என்ற ஒற்றை எண். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று கடினத்தைக் காட்டுகிறார்கள். வெற்றி தற்செயலைப் பொறுத்தது. நல்ல கோட்டு ஒன்றை அணிந்து, ஒரு பாட்டில் பீர் குடித்துவிட்டுப் பேசினால் வாய்ப்பு கூடும். தோற்றால் பழைய சேவுக்குப் போய் மறுபடி அழுத்தலாம். அறிவால் வென்றோம் என்ற நிறைவு அதில் எங்கே வரும்?

இருந்தாலும் நடிகர்களைக் குறைசொல்ல மாட்டேன். பிரையன் டிலேனியும் கோர்ட்னி டெய்லரும் தங்களுக்குக் கொடுத்ததற்கு உயிரூட்டினார்கள். மகனைப் பற்றிப் பேசும்போது டெய்லரின் குரலில் வரும் தளர்ச்சியை, இரண்டாம் முறை பெண் கதாபாத்திரமாக விளையாடும்போது கவனியுங்கள்.

கணினியில் விளையாடுபவர்கள் முழு வாக்கியத்தையும் முன்கூட்டியே காட்டும் மோட் ஒன்றை, அதாவது ரசிகர்கள் செய்த மாற்றத் தொகுப்பை, சேர்த்துக்கொள்ளலாம். தேர்வுகளின் எண்ணிக்கை அதிகமாகாது. ஆனால் என்ன சொல்லப்போகிறோம் என்றாவது தெரியும்.

எட்டு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு திடீரென்று எல்லாரும் ஏன் திரும்பினார்கள்?

2024 ஏப்ரலில் பிரைம் வீடியோவில் ஃபால்அவுட் தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதைப் பார்த்தவர்கள் பழைய விளையாட்டுகளைத் தேடி எடுத்தார்கள். அதே மாதம் 25-ம் தேதி புதிய தலைமுறை கன்சோல்களுக்கான இலவசப் புதுப்பிப்பும் வந்தது. முதன்முறையாக உள்ளே வந்தவர்களுக்கும், 2015-ல் கோபித்துக்கொண்டு போனவர்களுக்கும் ஒரே சமயத்தில் பாஸ்டன் திறந்தது.

திரும்பிவந்தால் முன்பைவிட எது நன்றாகத் தெரியும்?

நகரம். முதல் முறை கதையின் அம்புக்குறியைத் துரத்திக்கொண்டு ஓடியவர்களுக்கு இது கண்ணில் பட்டிருக்காது.

பாஸ்டன் நகரத்தின் உண்மையான வரலாற்றின்மீதே இந்த வரைபடத்தை விரித்திருக்கிறார்கள். ஃபென்வே பார்க் என்ற பேஸ்பால் மைதானம் டயமண்ட் சிட்டி என்ற ஊராக இருக்கிறது. அங்கே மட்டை விற்கும் மோ என்பவர், அந்தக் காலத்தில் வீரர்கள் ஒருவரையொருவர் அடித்துக் கொல்வதே பேஸ்பால் என்று உறுதியாக நம்புகிறார். 1797-ல் கடலில் இறக்கப்பட்டு இன்றும் பாஸ்டன் துறைமுகத்தில் நிற்கும் கான்ஸ்டிடியூஷன் என்ற போர்க்கப்பலை, இந்த உலகத்தில் ஒரு கட்டடத்தின் மேல் தூக்கி உட்காரவைத்து, ராக்கெட் பொருத்தி, ரோபோ மாலுமிகளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நகரத்தின் வரலாற்றுச் சின்னங்களை இணைக்கும் ஃப்ரீடம் ட்ரெயில் என்ற சிவப்புக் கோட்டைப் பின்பற்றி நடந்தால், பழைய வடக்குத் தேவாலயத்தின் அடியில் ஒளிந்திருக்கும் ரயில்ரோடு அமைப்பை அடைகிறீர்கள். செயற்கை மனிதர்களை அடிமைத்தனத்திலிருந்து தப்பவைக்கும் குழு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கறுப்பின அடிமைகளைத் தப்பவைத்த ரகசிய வலையமைப்பின் பெயரை இவர்கள் எடுத்துக்கொண்டது பொருத்தமாகவே இருக்கிறது.

பணிப் பட்டியலில் வராத கதைகள் இன்னும் நிறைய. சஃபோக் கவுண்டிப் பள்ளிக்கூடத்துக்குள் போனால் அங்கே அலையும் கூல்கள், அதாவது கதிர்வீச்சால் உருக்குலைந்து புத்தி இழந்த மனிதர்கள், இளஞ்சிவப்பாக இருப்பார்கள். ஏன் என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். கணினிக் குறிப்புகளைப் படித்தால், அரசு உணவுத் திட்டத்தின் பெயரில் அந்தப் பள்ளியில் வேறெதையும் உண்ண விடாமல் இளஞ்சிவப்புப் பசையை மட்டுமே கொடுத்தது தெரியவரும். யுனிவர்சிட்டி பாயின்ட்டில், இன்ஸ்டிடியூட் என்ற மறைவான அறிவியல் அமைப்பின் மிரட்டலுக்கு முன்னால் ஓர் ஊர் எப்படித் தடுமாறி அழிந்தது என்பது இதேபோல் சிதறிய குறிப்புகளில்தான் இருக்கிறது. இந்த விளையாட்டின் மிகச்சிறந்த எழுத்து வாயைத் திறந்து பேசாத இடங்களில் இருக்கிறது என்பேன்.

குப்பைப் பொருள்களைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. மேசை மின்விசிறியைப் பிரித்தால் திருகாணி, தட்டச்சுப் பொறியைப் பிரித்தால் பல்சக்கரம், எண்ணெய்க் குப்பியில் எண்ணெய். துப்பாக்கிக்குத் தொலைநோக்கி பொருத்தவும் வீட்டுக்கு விளக்கு போடவும் இவைதான் மூலப்பொருள். சில நாள்களிலேயே பழைய இரும்புக் கடைக்காரரைப்போல ஒவ்வோர் அறையையும் எடைபோட்டுப் பார்க்கப் பழகிவிடுவீர்கள். மூன்றாம் பாகத்தில் அலங்காரமாக மட்டும் கிடந்த மேசைப் பொருள்கள் இங்கே தேவையானவையாக மாறியதால், ஒவ்வோர் அலுவலகத்துக்குள்ளும் நுழையக் காரணம் கிடைத்துவிடுகிறது. நுழைந்தபின் கதை தானாகக் கண்ணில் படுகிறது.

பிரெஸ்டன் கார்வியைச் சகிக்க முடியவில்லை. என்ன செய்வது?

‘இன்னொரு குடியிருப்புக்கு உங்கள் உதவி தேவை’ என்று ஓயாமல் அனுப்பும் பிரெஸ்டன், இணையம் முழுவதும் கேலிக்கு ஆளானவர். தவறு அவருடையது இல்லை. அவர் சார்ந்த மினிட்மென் என்ற தன்னார்வக் காவல்படையின் பணிகளை விளையாட்டே முடிவில்லாமல் உற்பத்தி செய்கிறது. கையால் எழுதிய பணியும் இயந்திரம் உருட்டிய பணியும் ஒரே குரலில் வருவதால், எழுதப்பட்டவை மதிப்பிழந்துவிட்டன.

தீர்வு எளிது: கான்கார்ட் ஊரின் அருங்காட்சியகத்துக்குள் உடனே போகவேண்டாம். அவர் அங்கேயே காத்திருப்பார். நேராக டயமண்ட் சிட்டிக்கு நடக்க எந்தத் தடையும் இல்லை. பிறகு மனம் வந்தால் போய்ப் பாருங்கள். அவரைத் துணையாகக் கூட்டிக்கொண்டு திரிந்தால், குவின்சியில் தம் தோழர்கள் கொல்லப்பட்ட பிறகு வாழவே விருப்பம் இல்லாதிருந்ததை ஒருநாள் அவர் சொல்வார். அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் அவரைக் கேலி செய்வதை நிறுத்திவிடுகிறார்கள்.

கைக்குழந்தையைத் தொலைத்துவிட்டு வீடு கட்டிக்கொண்டிருப்பது அபத்தமாக இல்லையா?

இருக்கிறது. முதன்மைக் கதையின் அடித்தளக் கோளாறு இதுதான். வால்ட் 111 என்ற பதுங்கறையில் உறைநிலையில் கிடக்கும்போது, துணைவரைச் சுட்டுக்கொன்று கைக்குழந்தை ஷானை ஒருவன் தூக்கிச்செல்வதைக் கண்ணெதிரே பார்க்கிறீர்கள். இதைவிட அவசரமான தொடக்கம் இருக்க முடியாது. அடுத்த நிமிடமே உலகம் ‘மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்’ என்று கைகாட்டுகிறது. இரண்டில் ஒன்றை மனம் பொய்யாக்கித்தான் ஆகவேண்டும்.

இரண்டாம் முறை இந்தப் பிரச்சினை பாதி குறைகிறது. ஷான் இப்போது அறுபது வயதை எட்டிய முதியவர் என்பதும், இன்ஸ்டிடியூட்டின் தலைவரே அவர்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஓடவேண்டிய அவசரம் போய், அந்தச் சந்திப்பை எவ்வளவு காலம் தள்ளிப்போடுவது என்ற வேறுவகைக் கனம் வந்துசேர்கிறது. ஷானைக் கடத்திய கெல்லாக்கின் நினைவுகளுக்குள் நடக்கும் பகுதியும் இம்முறை ஆழமாகத் தெரியும். அவனும் மனைவியையும் மகளையும் இழந்தவன். உங்களுக்குச் செய்ததை ஒருகாலத்தில் அவனுக்கும் பிறர் செய்திருக்கிறார்கள்.

ஆனால் இன்ஸ்டிடியூட்டுக்குள் போனபின் கதை கைவிட்டுவிடுகிறது. மனிதர்களைக் கடத்தி, அவர்கள் இடத்தில் செயற்கை மனிதர்களை ஏன் வைக்கிறீர்கள் என்று தந்தையோ தாயோ மகனை உட்காரவைத்துக் கேட்கவேண்டாமா? கேட்டால் கிடைப்பது மழுப்பல். இறுதியில் அந்த அமைப்பின் இயக்குநர் பதவியே உங்களுக்கு வருகிறது. ஆள்மாற்றத்தை நிறுத்தவோ செயற்கை மனிதர்களை விடுவிக்கவோ ஓர் ஆணைகூடப் பிறப்பிக்க முடியாது. மினிட்மென் தளபதிக்கும் இதே கதிதான். தளபதியாக்கியவரே வேலைக்கு அனுப்புகிறார். பட்டங்களை அள்ளிக்கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காத இந்தக் குறை, எத்தனை முறை திரும்பினாலும் எனக்கு ஆறுவதில்லை. முதல் இரண்டு பாகங்களும் நியூ வேகாஸும் முடிவில் ஊர் ஊராக என்ன ஆயிற்று என்று காட்டின. இங்கே இன்ஸ்டிடியூட் வென்றதா அழிந்ததா என்பதைத் தாண்டி அதிகம் இல்லை.

கதைப் பணிகள் எல்லாமே இப்படி என்றும் நினைக்கவேண்டாம். செயற்கை மனிதர்களை அடியோடு வெறுக்கும் பிரதர்ஹுட் படையின் பாலடின் டான்ஸ், தானே ஒரு செயற்கை மனிதன் என்று அறியும் பணி ஒன்று போதும், இவர்களுக்கு எழுதத் தெரியும் என்று நிரூபிக்க.

சர்வைவல் முறையில்தான் ஆடவேண்டும் என்கிறார்களே, உண்மையா?

திரும்பி வருபவருக்கு நான் முதலில் சொல்வது அதையேதான். 2016-ல் இலவசமாகச் சேர்த்த இந்த முறை, விளையாட்டின் எலும்புக்கூட்டையே மாற்றுகிறது. ஒரு சொடுக்கில் இடம்விட்டு இடம் தாவ முடியாது. படுத்து உறங்கினால்தான் சேவ் ஆகும். பசி, தாகம், களைப்பு, நோய் எல்லாம் உண்டு. தோட்டாவுக்கும் எடை உண்டு. திசைகாட்டியில் எதிரிகள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிய மாட்டார்கள். நீங்கள் கொடுக்கும் அடியும் வாங்கும் அடியும் இரண்டுமே கடுமையாகும்.

வரைபடத்தில் தூரம் என்ற ஒன்று அப்போதுதான் உண்டாகிறது. டயமண்ட் சிட்டியிலிருந்து வடமேற்கு மூலைக்கு ஒரு பணி என்றால், போகும் வழியில் எங்கே படுக்கை இருக்கிறது, எந்தப் பாலத்தில் கொள்ளையர்கள் இருக்கிறார்கள் என்று யோசித்துக் கிளம்பவேண்டும். இதுவரை வெறும் பொழுதுபோக்காக இருந்த குடியிருப்புகள் சத்திரங்களாகின்றன: சுத்தமான தண்ணீர், சமைக்க அடுப்பு, நம்பிப் படுக்க ஒரு கட்டில். பிரதர்ஹுட்டில் சேர்ந்தால் வேர்ட்டிபேர்ட் என்ற ஹெலிகாப்டரை வரவழைத்துப் பறக்கலாம் என்பது பெரும் வரமாகிறது. பிரெஸ்டனின் தொல்லைப் பணிகள்கூட வழித்தடத்தை விரிவாக்கும் வேலையாக அர்த்தம் பெறுகின்றன. எல்லாக் கதவும் திறந்தே கிடந்த உலகத்தில் சில கதவுகளைச் சாத்தியதும், நான் மேலே சொன்ன அந்த மூலக் குறை பெருமளவு சரியாகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். விளையாட்டு திடீரென்று நின்றுபோகும் பழக்கம் இதற்கு இன்னும் போகவில்லை. உறங்கி நெடுநேரம் ஆகியிருந்தால் அத்தனை உழைப்பும் போய்விடும். எங்கே படுக்கை கண்டாலும் ஒரு மணி நேரமாவது கண்ணயருங்கள். இரண்டாவது, முதல் பத்து நிலைகள் கொடூரமானவை. மாடியிலிருந்து வீசப்படும் ஒரு பெட்ரோல் குண்டே போதும். பொறுத்துக்கொண்டால் பிறகு உங்கள் கை ஓங்கும்.

குடியிருப்பு கட்டுவது எனக்குப் பிடிக்காது. கட்டாயமா?

இன்ஸ்டிடியூட்டுக்குள் நுழைய ஒரு சாதனத்தை ஓரிடத்தில் கட்டியாகவேண்டும். அதைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் தவிர்க்கலாம். ஆனால் ஒரு சிறு தோட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மக்காச்சோளம் மூன்று, மட்ஃப்ரூட் மூன்று, டாட்டோ மூன்று, சுத்தமான நீர் ஒன்று சேர்த்துச் சமைத்தால் காய்கறிக் கஞ்சிப்பசை கிடைக்கும். அதைப் பிரித்தால் ஐந்து அலகு பசை. துப்பாக்கி மேம்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பசை வேண்டும், அதுதான் எப்போதும் தட்டுப்பாடு.

ஊர்கள் உருவாவதைப் பார்க்க ஆசை உண்டு, சுவர் சுவராக வைக்கப் பொறுமை இல்லை என்பவர்கள் சிம் செட்டில்மென்ட்ஸ் 2 என்ற மோடைப் பாருங்கள். இடத்தை ஒதுக்கிக் கொடுத்தால் குடியேறியவர்களே வீடு கட்டிக்கொள்வார்கள். அதற்கென்று தனிக் கதையும் உண்டு.

மோட்கள் இல்லாமல் ஆடலாமா? 2024 புதுப்பிப்பு எதையோ உடைத்தது என்றார்களே?

ஆடலாம். பிழைகளைத் திருத்தும் அதிகாரபூர்வமற்ற திருத்தத் தொகுப்பை மட்டுமாவது போட்டுக்கொள்வது நல்லது. 2024 புதுப்பிப்பு, கணினியில் பல மோட்களுக்கு அடித்தளமான ஸ்கிரிப்ட் எக்ஸ்டென்டரை வேலை செய்யாமல் ஆக்கியது உண்மை. லண்டனில் நடக்கும் ஃபால்அவுட்: லண்டன் என்ற பிரம்மாண்டமான ரசிகர் படைப்பு, ஏப்ரலில் வரவேண்டியது, இதனாலேயே ஜூலை 25-க்குத் தள்ளிப்போயிற்று. பல ஆண்டுகள் ஊதியமின்றி உழைத்தவர்களுக்கு இப்படி ஆனது எனக்கு இன்றும் வருத்தம்தான். மோட்களோடு ஆடுவதென்றால் உங்கள் பிரதியின் பதிப்பும் மோட் கேட்கும் பதிப்பும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் தானியங்கிப் புதுப்பிப்பை அடக்கிவையுங்கள்.

குடியிருப்புகளில் எதையும் உடைத்து அகற்ற விடும் மோட்களில் கவனம் தேவை. வேகத்துக்காக முன்கூட்டியே ஒன்றாக இணைத்துவைத்த கட்டடப் பாகங்களை அவை பிரித்துவிடுவதுண்டு. ஏற்கெனவே திணறும் நடுப்பாஸ்டன் மேலும் திணறும். நொடிக்கு 60 சட்டகங்களுக்கு மேல் ஓடவிட்டாலும் சிக்கல், ஏனெனில் பொருள்களின் அசைவுக் கணக்கு அந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது.

நான் நியூ வேகாஸ் ரசிகர். மனம் மாறுமா?

மாறாமலும் போகலாம். அதில் தவறில்லை. பேச்சும் அரசியலும் வேண்டும் என்றால் நியூ வேகாஸையே மறுபடி ஆடுங்கள். துப்பாக்கிச் சண்டை மட்டும் நான்காம் பாகத்தில் வெகுதூரம் மேம்பட்டது என்பதை எந்த ரசிகரும் மறுக்க மாட்டார்.

கூடுதல் பாகங்களில் எதை விளையாடுவது?

நியூக்கா-வேர்ல்டைக் கொள்ளையர் தலைவராக ஆடும் எண்ணம் இருந்தால் மட்டும் எடுங்கள். நல்லவராக ஆடுபவருக்கு அங்கே எல்லாரையும் சுட்டுவிட்டுத் திரும்புவதைத் தவிரப் பெரிதாக வேலை இல்லை.

2016 மே மாதம் வந்த ஃபார் ஹார்பரைத் தவறவிடவே கூடாது. மெய்ன் மாநிலத்தின் மவுண்ட் டெசர்ட் தீவு, கதிர்வீச்சு கலந்த மூடுபனி, அதற்குப் பயந்து துறைமுகத்தில் ஒடுங்கிய மீனவர்கள், அதை வணங்கும் கதிரியக்கச் சமயத்தினர், இருவருக்கும் நடுவே மலைமேல் செயற்கை மனிதர்களின் புகலிடம். மூவரையும் பேசவைத்து அமைதி காணலாம். ஆனால் அந்த அமைதிக்கு ஓர் ஆள்மாற்றமும் ஒரு பொய்யும் தேவைப்படும். முதன்மைக் கதை தராத தேர்வுகள் எல்லாம் இங்கே இருக்கின்றன. நினைவுக் கணினிக்குள் கட்டைகளை அடுக்கும் புதிர் மட்டும் சலிப்பூட்டும். பல்லைக் கடித்துக் கடந்துவிடுங்கள்.

புகலிடத்தின் தலைவர் டைமா முதல் சந்திப்பிலேயே உங்களிடம் கேட்கிறார்: உங்களுடைய மிகப் பழைய நினைவு எது? விளையாட்டு தொடங்கியது குண்டு விழுந்த அந்தக் காலையில்தான். அதற்கு முந்தைய எதையும் நீங்கள் வாழவில்லை. நீங்களே செயற்கை மனிதராக இருக்கலாமோ என்ற கேள்வியை அவர் வைத்துவிட்டு நகர்கிறார், விளையாட்டும் அதற்குத் திட்டவட்டமாக விடை சொல்வதில்லை. துணைக்குத் துப்பறியும் நிக் வாலன்டைனைக் கூட்டிச்செல்லுங்கள். அவருக்கும் டைமாவுக்கும் இடையில் ஒரு பழைய உறவு இருக்கிறது. அவர் இல்லாமல் போனால் அந்தப் பேச்சில் பாதியை இழப்பீர்கள்.